ஊர் கொதித்தால் சட்டம் மாறுமா? பாலியல் வன்முறை, மக்கள் கோபம், சட்டத் திருத்தங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பெரிய வழக்கு வெடிக்கும்போதெல்லாம் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. போராட்டம் நடத்தி என்ன ஆகப்போகிறது? தூக்கில் போட்டால் சரியாகிவிடாதா? இந்த வழக்குக்கு மட்டும் ஏன் இவ்வளவு கூட்டம்? கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்தியாவில் நடந்ததை வைத்து முடிந்தவரை நேராகப் பதில் சொல்லப் பார்க்கிறேன். பாதிக்கப்பட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். தாமே முன்வந்து பொதுவெளியில் போராடியவர் பெயரும், வழக்கின் பெயராகவே நிலைத்துவிட்ட பெயரும் மட்டும் விதிவிலக்கு.

மக்கள் தெருவுக்கு வந்தால்தான் சட்டம் மாறுகிறதா?

பாலியல் வல்லுறவு தொடர்பான தண்டனைச் சட்டத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலும் ஆமாம். 1860 இல் ஆங்கிலேயர் எழுதிய பிரிவை நூறு ஆண்டுகளுக்கும் மேல் யாரும் பெரிதாகத் தொடவில்லை. 1983, 2013, 2018 ஆகிய மூன்று திருத்தங்களுக்கு முன்னாலும் ஒரு வழக்கும் அதையொட்டிய கொந்தளிப்பும் இருந்தன.

ஆனால் கோபம் வந்த உடனே நல்ல சட்டம் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. கொந்தளிப்பு அரசுக்குச் சில வார நெருக்கடியைக் கொடுக்கும், அவ்வளவுதான். அந்தச் சில வாரத்தில் அமைச்சரின் மேசைக்கு எந்தக் காகிதம் போய்ச் சேருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல வருடம் யோசித்து, அடித்துத் திருத்தி எழுதிய பரிந்துரை தயாராக இருந்தால் உருப்படியான பிரிவுகள் வரும். இல்லாவிட்டால் 'தூக்கு' என்ற ஒற்றைச் சொல் வரும். கீழே வரும் பதில்கள் எல்லாம் ஏறக்குறைய இதற்கான உதாரணங்கள்தான்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் எந்தத் தெருப் போராட்டத்துக்கும் பதிலாக வந்ததல்ல. குழந்தை உரிமை அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்தது. 2012 மே மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. டெல்லிப் பேருந்துச் சம்பவம் நடந்தது அதற்கு ஒரு மாதம் கழித்து. இப்போது பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

'மதுரா வழக்கு' என்கிறார்களே, அதில் என்ன நடந்தது?

1972 மார்ச் 26, இரவு. மகாராஷ்டிராவில் அன்றைய சந்திரபூர் மாவட்டத்து தேசாய்கஞ்ச் காவல் நிலையம். பதினாறு வயதைத் தாண்டாத ஒரு பழங்குடிப் பெண். பெற்றோர் இல்லை, வீட்டு வேலை செய்து பிழைப்பவர். அவருக்குப் பிடித்த பையனோடு போய்விட்டார் என்று அண்ணன் புகார் கொடுக்க, எல்லோரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். விசாரணை முடிந்து மற்றவர்கள் வெளியே வந்தார்கள். அந்தப் பெண்ணை மட்டும் 'நீ இரு' என்று நிறுத்தினார்கள். ஸ்டேஷன் விளக்கு அணைந்தது. கதவு உள்பக்கமாகச் சாத்தப்பட்டது. வெளியே காத்திருந்தவர்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. கூட்டம் சேர்ந்தது. உள்ளே இருந்தது இரண்டு காவலர்கள்.

செஷன்ஸ் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர்க் கிளை தண்டித்தது. 1978 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் மறுபடியும் விடுவித்தது. உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போடவில்லை, ஆகவே அவர் இணங்கியிருக்க வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். இரவு நேரம், பூட்டிய காவல் நிலையம், சீருடையில் இரண்டு ஆண்கள். அந்த இடத்தில் ஒரு ஏழைப் பெண் கத்தியிருந்தால் யாரிடம் போய் முறையிட்டிருப்பார் என்று அந்தத் தீர்ப்பு கேட்டுக்கொள்ளவே இல்லை.

அப்புறம் யார் அதைக் கையில் எடுத்தார்கள்?

ஒரு வருடம் யாரும் எடுக்கவில்லை. தீர்ப்பு வந்ததே பலருக்குத் தெரியாது. 1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். எதிர்க்காமல் இருப்பது வேறு, சம்மதிப்பது வேறு என்ற எளிய விஷயத்தை நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. மடல் பத்திரிகைகளில் வந்தது. பம்பாயில் வல்லுறவுக்கு எதிரான ஒரு பெண்கள் மன்றமே உருவானது. 1980 மார்ச் 8 அன்று பல நகரங்களில் ஊர்வலங்கள் நடந்தன.

கோபம் தானாகப் பொங்கிவிடுவதில்லை என்பதற்கு இந்த ஒரு வருட இடைவெளியே போதுமான அத்தாட்சி. யாராவது தீர்ப்பை முழுதாகப் படித்து, இதில் இன்ன தப்பு என்று புரியும் மொழியில் எழுத வேண்டியிருக்கிறது.

1983 திருத்தத்தில் என்ன கிடைத்தது?

காவலர், அரசு ஊழியர், சிறை அதிகாரி, மருத்துவமனை ஊழியர் போன்றோர் தங்கள் பொறுப்பில் இருக்கும் பெண்ணிடம் செய்யும் வன்முறை தனிக் குற்றமானது. அப்படிப்பட்ட வழக்குகளில், உறவு நடந்தது நிரூபணமாகி, 'நான் சம்மதிக்கவில்லை' என்று பெண் நீதிமன்றத்தில் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். சாட்சியச் சட்டத்தின் 114-ஏ பிரிவு இதுதான். மதுரா வழக்கின் ஓட்டையை அளந்து அடைத்த பிரிவு இது. குறைந்தபட்சத் தண்டனை, மூடிய அறையில் விசாரணை, பெண்ணின் அடையாளத்தை வெளியிடத் தடை ஆகியவையும் அப்போது வந்தவையே.

கேட்டும் கிடைக்காத ஒன்றும் உண்டு. பெண்ணின் 'நடத்தை' பற்றிக் கேள்வி கேட்டு அவர் சாட்சியத்தை உடைக்க வழிசெய்த பிரிவு அப்படியே நின்றது. அதை எடுக்க இன்னும் இருபது வருடம் ஆனது. அந்த இருபது வருடமும் குறுக்கு விசாரணைக் கூண்டில் நின்ற பெண்கள் என்னென்ன கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

புதிய சட்டம் முன்தேதியிட்டுச் செல்லாது. எனவே அந்த இரண்டு காவலர்களும் தண்டனை இல்லாமலே வாழ்ந்தார்கள்.

விசாகா தீர்ப்புக்கும் ஒரு வழக்குதானே காரணம்?

ஆமாம். ராஜஸ்தானில் பதேரி கிராமத்தைச் சேர்ந்த பன்வாரி தேவி. குயவர் சமூகம். மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' என்ற கிராமப் பணியாளர். ஒரு கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த கல்யாணத்தைத் தடுக்கப் பார்த்தார். அது அவருடைய வேலை, சம்பளம் கொடுத்து அரசு செய்யச் சொன்ன வேலை. 1992 செப்டம்பரில், வயலில் கணவரின் கண்முன்னே, ஆதிக்க சாதி ஆண்களின் கூட்டு வன்முறைக்கு ஆளானார். 1995 இல் கீழமை நீதிமன்றம் வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து எல்லோரையும் விடுவித்தது. மேல்சாதி ஆண்கள் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்கிற பொருளிலும் அதில் காரணம் சொல்லப்பட்டிருந்தது.

பெண்கள் அமைப்புகள் இங்கே ஒரு சாமர்த்தியம் செய்தன. குற்றவாளிகளைத் தண்டிக்கும் வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும் என்று விட்டுவிட்டு, 'வேலை செய்யப் போன இடத்தில்தான் இது நடந்தது, அப்படியானால் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?' என்று உச்சநீதிமன்றத்தில் தனியாக ஒரு மனுப் போட்டன. 1997 ஆகஸ்ட் 13 அன்று நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையிலான அமர்வு பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான வழிகாட்டு நெறிகளை வகுத்தது. இதுதான் விசாகா தீர்ப்பு. இன்று ஐ.டி. கம்பெனியிலும் வங்கியிலும் கல்லூரியிலும் இருக்கும் உள் புகார்க் குழு அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்தத் தீர்ப்பில் பன்வாரி தேவியின் பெயர் எங்கும் இல்லை. ராஜஸ்தான் கிராமம் ஒன்றின் சமூகப் பணியாளர் என்று குறிப்பிடுவதோடு சரி.

அந்த நெறிகள் நாடாளுமன்றச் சட்டமாக 2013 வரை, அதாவது பதினாறு ஆண்டு, ஆனது. அதுவும் டெல்லிப் போராட்டத்தின் சூடு ஆறுவதற்குள் நடந்தது.

2012 டெல்லி ஏன் மற்றவற்றைவிடப் பெரிதானது?

பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. டிசம்பர் 16 இரவு, சினிமா பார்த்துவிட்டு நண்பரோடு பேருந்தில் ஏறிய 23 வயது மாணவி. 'அது நானாகவும் இருந்திருக்கலாம்' என்று நகரத்து மத்தியதர வர்க்கம் முழுவதுமே நினைத்தது. தலைநகர். இருபத்துநாலு மணி நேரச் செய்தித் தொலைக்காட்சிகள். கையில் செல்போனோடு கல்லூரி மாணவர்கள். டிசம்பர் குளிரில் இந்தியா கேட்டிலும் ரைசினா குன்றிலும் நின்றவர்கள்மீது தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள், கண்ணீர்ப்புகைக் குண்டு வீசினார்கள். அதைப் பார்த்து இன்னும் பெருங்கூட்டம் வந்தது. டிசம்பர் 29 அன்று சிங்கப்பூர் மருத்துவமனையில் அந்தப் பெண் இறந்தார்.

டிசம்பர் 23 அன்றே அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர், விசாகா தீர்ப்பை எழுதிய அதே வர்மா. உடன் லீலா சேத், கோபால் சுப்ரமணியம். வந்த கருத்துகள் சுமார் 80,000. 29 நாளில் அறிக்கை கொடுத்தார்கள். அரசாங்கக் குழு ஒன்று காலநீட்டிப்புக் கேட்காமல் வேலையை முடித்தது அதிசயம்தான். ஆனால் 29 நாளில் யாரும் 600 பக்கத்துக்கு மேல் புதிதாகச் சிந்தித்துவிட முடியாது. பெண்கள் அமைப்புகளும் வழக்கறிஞர்களும் 1990கள் முதல் எழுதிவைத்த வரைவுகள், சட்ட ஆணைய அறிக்கைகள், கிடப்பில் கிடந்த மசோதாக்கள் எல்லாம் அந்த மாதம் மேசைக்கு வந்தன. அதனால்தான் அது சாத்தியமானது.

வர்மா குழு சொன்னதில் எது சட்டமானது, எது ஆகவில்லை?

ஆனவை: வல்லுறவின் வரையறை விரிந்தது. எதிர்த்துப் போராடவில்லை என்பதே சம்மதம் ஆகாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். 1979 மடலில் கேட்டது 2013 இல் கிடைத்தது, 34 வருடம் கழித்து. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது, மறைந்திருந்து படம் எடுப்பது, ஆடையைக் களைவது, ஆசிட் வீசுவது எல்லாம் தனித்தனிக் குற்றங்களாயின. புகாரைப் பதிய மறுக்கும் போலீஸ்காரருக்குத் தண்டனை, சிகிச்சை தர மறுக்கும் மருத்துவமனைக்குத் தண்டனை. என் கணக்கில் கடைசியாகச் சொன்ன இரண்டும்தான் அந்தத் திருத்தத்தின் உயிர்நாடி. தொலைக்காட்சியில் யாரும் அவற்றைப் பற்றி வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆகாதவை: மனைவிமீது கணவன் செய்வதைக் குற்றமாக்குவது, ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டப் பகுதிகளில் பாலியல் குற்றம் செய்யும் படையினரை முன் அனுமதி இல்லாமல் விசாரிப்பது.

தலைகீழாக ஆனவையும் உண்டு. குழு மரண தண்டனை வேண்டாம் என்றது, அரசு சேர்த்தது. சம்மத வயது 16 ஆகவே இருக்கட்டும் என்றது, அரசு 18 ஆக்கியது. இந்த 18 இன் விளைவைத் தமிழ்நாட்டு மகிளா நீதிமன்றங்களில் பார்க்கலாம். பதினேழு வயதுப் பெண்ணும் இருபது வயதுப் பையனும் ஓடிப்போனால், பெண் வீட்டார் கையில் போக்சோ ஆயுதமாகிறது. பையன் வேறு சாதி என்றால் கேட்கவே வேண்டாம். 2019 இல் சென்னை உயர்நீதிமன்றமே இந்த வயது வரம்பை மறுபரிசீலனை செய்யலாம் என்று சொல்லிப் பார்த்தது.

தூக்குத் தண்டனை கொடுத்தால் குற்றம் குறையாதா?

கேட்பவரின் ஆத்திரம் புரிகிறது. ஆனால் குறையும் என்று நம்ப ஆதாரம் இல்லை. வர்மா குழுவும் அதையேதான் சொன்னது.

இந்தியாவில் பதிவாகும் வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றவாளி தெரிந்த ஆள்தான். மாமா, பக்கத்து வீட்டுக்காரர், வாத்தியார், காதலன், முதலாளி. 2018 இல், ஜம்முவின் கத்துவாவிலும் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவிலும் சிறுமிகள்மீது நடந்த வன்முறை வழக்குகளுக்குப் பிறகு 12 வயதுக்குட்பட்ட குழந்தைகள் வழக்கில் மரண தண்டனை வரை கொண்டுவந்தார்கள். ஒரு குடும்பத்தை யோசித்துப் பாருங்கள். குழந்தை வந்து அம்மாவிடம் சித்தப்பாவைப் பற்றிச் சொல்கிறது. புகார் கொடுத்தால் அவன் உயிர் போகும் என்று தெரிந்தால், பாட்டி என்ன சொல்வாள்? 'வெளியே சொல்லாதே' என்றுதான் வீடே அந்தத் தாயைச் சுற்றி நிற்கும். கொன்றாலும் தூக்கு, கொல்லாவிட்டாலும் தூக்கு என்றால் சாட்சியை உயிரோடு விட வேண்டிய காரணமும் குற்றவாளிக்குக் குறைகிறது.

வல்லுறவு வழக்குகளில் தண்டனை கிடைப்பது ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குத்தான். மற்ற மூன்றிலும் ஆள் வெளியே நடந்து போகிறான். பயம் வர வேண்டிய இடம் அதுதான்.

ஹைதராபாத்தில் என்கவுன்டர் செய்தபோது மக்கள் பூத் தூவினார்களே?

தூவினார்கள். 2019 நவம்பர் இறுதியில் ஒரு பெண் கால்நடை மருத்துவர் கொல்லப்பட்டார். டிசம்பர் 6 அதிகாலை, பிடிபட்ட நால்வரும் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரிய மனிதர்கள்கூடப் பாராட்டினார்கள். உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022 இல் அறிக்கை கொடுத்தது. கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள் என்றது. பத்துப் போலீஸார்மீது கொலை வழக்கு விசாரணை நடக்க வேண்டும் என்றது. நான்கு பேரும் உண்மையில் குற்றவாளிகள்தானா என்பது இனி எந்த நீதிமன்றத்திலும் தீராது.

பக்கத்து மாநிலமான ஆந்திரா அதே டிசம்பரில் 'திஷா' மசோதாவை நிறைவேற்றியது. ஏழு வேலை நாளில் புலன்விசாரணை, பதினான்கு வேலை நாளில் வழக்கு விசாரணை என்று எழுதினார்கள். தடயவியல் ஆய்வகத்தின் அறிக்கையே அந்த நாட்களுக்குள் வராது. மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைக்கவில்லை. 2024 இல் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டபோது மேற்கு வங்கமும் ஒரு மாதத்துக்குள் 'அபராஜிதா' மசோதா கொண்டுவந்தது. அதிலும் மரண தண்டனை. ஆனால் அங்கே தெருவில் நின்ற மருத்துவர்கள் கேட்டது ஓய்வறை, பூட்டுப் போட்ட கதவு, சிசிடிவி, பாதுகாப்பு ஆள் என்று கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய விஷயங்கள்.

தமிழ்நாட்டில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

1998 இல் சென்னையில் ஆட்டோவில் வந்த இளைஞர்கள் சீண்டியதில் கீழே விழுந்து ஒரு கல்லூரி மாணவி இறந்தார். சில நாட்களிலேயே ஈவ் டீசிங்கைத் தடைசெய்யும் அவசரச் சட்டம் வந்தது. அதுதான் பின்னர் பெயர் மாறி, பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிரான சட்டமாக இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

பெண்களை ஏமாற்றி வரவழைத்து, வன்முறை செய்து படம் பிடித்த 2019 பொள்ளாச்சி வழக்கில் 'அண்ணா, அடிக்காதீங்க' என்ற அந்தக் குரல் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டது. கல்லூரி மாணவர்கள் ஊர் ஊராக வெளியே வந்தார்கள். அதே நேரத்தில் காவல்துறை உயரதிகாரி பத்திரிகையாளர் சந்திப்பில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றும் அரசாணையிலும் பெயர் இருந்தது. அதைப் பார்த்து மற்ற பெண்கள் எப்படிப் புகார் கொடுக்க வருவார்கள்? உயர்நீதிமன்றம் 25 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. 2025 மே 13 அன்று கோவை மகிளா நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. சாட்சிகள் யாரும் பிறழவில்லை என்பதை அரசு வழக்கறிஞரே குறிப்பிட்டுச் சொன்னார். ஆறு வருடம் அந்தப் பெண்கள் தங்கள் சொல்லில் நின்றார்கள்.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் வன்முறைக்கு ஆளான வழக்கிலும் பழைய கதைதான். எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தது. உயர்நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. ஐந்து மாதத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. இடையில் 2025 ஜனவரியில் தண்டனைகளைக் கூட்டும் மசோதாக்களைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. வேகமாகத் தீர்ப்பு வந்ததற்குக் கூடுதல் தண்டனை காரணமல்ல. ஒழுங்காக நடந்த புலன்விசாரணைதான் காரணம்.

வாச்சாத்தி?

அதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். அங்கே நாடு கொதிக்கவில்லை.

1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம், அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமம். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் பெரும் படையாக ஊருக்குள் நுழைந்தார்கள். ஆண்கள் பலர் மலைக்கு ஓடிவிட்டார்கள். மிஞ்சியவர்களை ஊர் ஆலமரத்தடியில் கூட்டினார்கள். அங்கிருந்து இளம்பெண்களைப் பிரித்து, 'கட்டையைக் காட்டு' என்று ஏரிப்பக்கம் கொண்டுபோனார்கள். 18 பெண்கள். அதில் பள்ளி வயதுச் சிறுமியும் உண்டு. பிறகு வீடுகளை உடைத்தார்கள். தானியத்தைக் கொட்டினார்கள். குடிக்கிற கிணற்றையும் பாழாக்கினார்கள். அந்தப் பெண்களையே சந்தனம் கடத்தியதாக வழக்குப் போட்டுச் சேலம் சிறையில் அடைத்தார்கள்.

அன்றைய அரசு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் ஊர்க்காரர்களும் விடவில்லை. 1995 இல் உயர்நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்திருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள், அதில் 17 பேர் வல்லுறவுக் குற்றத்துக்காக. 2023 இல், அதே செப்டம்பர் 29 அன்று, மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார் நீதிபதி வேல்முருகன். தீர்ப்புக்கு முன் அவர் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அதிகாரி மீது நடவடிக்கை என்று உத்தரவு.

முப்பத்தோரு வருடம். வாச்சாத்தியின் பெயரால் எந்தச் சட்டத் திருத்தமும் வரவில்லை. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த ஒருவர்கூடத் தப்பாத தீர்ப்பு இந்தியாவில் வேறு எங்கே வந்திருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

சில வழக்குகளுக்கு மட்டும் கோபம் வருவது ஏன்?

சாதி, வர்க்கம், ஊர், குற்றவாளி யார் என்பது எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. நகரத்துப் பெண், முன்பின் தெரியாத ஏழை ஆண்கள் என்றால் கோபம் உடனே கிளம்பும். தலித் பெண், ஊர்ப் பெரிய சாதி ஆண்கள் என்றால் அதே தெருவிலேயே இரண்டு கட்சி. 2020 இல் உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸில் வன்முறைக்கு ஆளாகி இறந்த 19 வயது தலித் பெண்ணின் உடலைக் குடும்பத்தாரை விலக்கிவைத்துவிட்டுப் போலீஸார் நள்ளிரவில் எரித்தார்கள். நாடு கொஞ்சம் கொதித்தது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு ஆதரவாகவும் அக்கம்பக்கத்தில் கூட்டம் கூடினார்கள். 2023 தீர்ப்பில் வல்லுறவுக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

குற்றவாளி சீருடையில் இருந்தால் இன்னும் கடினம். 2004 ஜூலையில் மணிப்பூரில், படையினர் பிடித்துச் சென்ற ஓர் இளம்பெண் பிணமாகக் கிடந்தபோது, தாய்மார் பன்னிரண்டு பேர் இம்பாலின் காங்லா கோட்டை வாசலில் ஆடை களைந்து நின்றார்கள். அந்த ஆண்டே அசாம் ரைஃபிள்ஸ் கோட்டையைக் காலி செய்தது. இம்பால் நகரப் பகுதிகளில் சிறப்பு அதிகாரச் சட்டம் விலக்கப்பட்டது. அந்தச் சட்டத்தை ஆராய அமைத்த ஜீவன் ரெட்டி குழு அதை நீக்கலாம் என்றே சொன்னது. சட்டம் இன்றும் இருக்கிறது.

2013க்குப் பிறகு வழக்குகள் கூடினவே, அப்படியானால் குற்றம் கூடிவிட்டதா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2012 இல் பதிவான வல்லுறவு வழக்குகள் 24,923. 2013 இல் 33,707. ஒரே வருடத்தில் ஆண்கள் அவ்வளவு கெட்டுப்போய்விடவில்லை. சட்டத்தின் வரையறை விரிந்தது ஒரு காரணம். பதிய மறுத்தால் தனக்கே ஜெயில் என்று ஸ்டேஷன் எழுத்தருக்குத் தெரிந்தது இன்னொன்று. போராட்டத்தைப் பார்த்துவிட்டுப் பல வீடுகளில் பெண்கள் பேசத் துணிந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை கூடினால் ஆட்சி மோசம் என்று கத்துவது எல்லாக் கட்சிக்கும் வழக்கமாகிவிட்டது. அதனால்தான் புகாரைப் பதியாமல் அனுப்பச் சொல்லி மேலிருந்தே அழுத்தம் வருகிறது.

இன்று ஒரு பெண் புகார் கொடுக்கப் போனால் என்ன கேட்கலாம்?

சம்பவம் எங்கே நடந்திருந்தாலும், பக்கத்து ஸ்டேஷனிலேயே புகார் கொடுக்கலாம். 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான், இப்போது, பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173 ஆவது பிரிவில் இருக்கிறது. மின்னணு முறையிலும் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பதிய மறுப்பவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை உண்டு. இதை அமைதியாக எடுத்துச் சொன்னாலே பல நேரம் வேலை நடக்கிறது.

மருத்துவமனை எதுவானாலும், தனியார் உட்பட, முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும். எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று சொல்ல முடியாது. பெண் ஏற்கெனவே உறவுக்குப் பழகியவரா என்று விரல் விட்டுப் பார்க்கும் 'இரண்டு விரல் சோதனை'யை உச்சநீதிமன்றம் 2013 இலேயே கண்டித்தது. 2022 இல், அதைச் செய்பவர் தவறான நடத்தைக் குற்றத்துக்கு ஆளாவார் என்றது. அவசரத்துக்கு 181 எண், குழந்தைகளுக்கு 1098. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.

நியாயம் கேட்பதற்காகப் பாதிக்கப்பட்டவரின் படத்தையோ பெயரையோ பகிரலாமா?

கூடாது. இரண்டு வருடம் வரை சிறை. இறந்தவர் என்றாலும் இதே விதிதான், 2018 இல் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெயரை மறைத்து, ஊர், கல்லூரி, அப்பா பெயர் எல்லாவற்றையும் போடுவதும் அடையாளத்தை வெளியிடுவதுதான். 'ஹேஷ்டேக்' போடும் முன் இதைப் பாருங்கள்.

கணவன் மனைவி விவகாரத்தில் சட்டம் என்ன சொல்கிறது?

மனைவி 18 வயதுக்குக் கீழ் என்றால் குற்றம் (2017 உச்சநீதிமன்றத் தீர்ப்பு). 18க்கு மேல் என்றால் வல்லுறவுச் சட்டம் பொருந்தாது என்ற பழைய விதிவிலக்கு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் தொடர்கிறது. டெல்லி உயர்நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் 2022 இல் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள், விவகாரம் உச்சநீதிமன்றத்துக்குப் போனது. இதற்காக இந்தியாவில் இதுவரை எந்த ஊரும் கொதிக்கவில்லை.

போராட்டத்துக்குப் போக முடியவில்லை. வேறென்ன செய்யலாம்?

உங்கள் வேலையிடத்தில் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் உள் புகார்க் குழு கட்டாயம். பெண் தலைவர், வெளியிலிருந்து ஒரு உறுப்பினர், குறைந்தது பாதிப் பேர் பெண்கள். அவர்கள் பெயரும் போன் நம்பரும் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டிய தாளில் இருப்பவர் வேலையை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகியிருக்கலாம், அதையும் பாருங்கள். பத்துப் பேருக்குக் குறைவான கடைகள், வீட்டு வேலை செய்யும் அம்மாக்கள் ஆகியோருக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் போய் 'குழுவில் யார் யார்?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். 2023 இலும் 2024 இலும் உச்சநீதிமன்றமே இந்தக் குழுக்கள் பல இடங்களில் இல்லை என்று வருந்தி, மாவட்டந்தோறும் அதிகாரியை நியமிக்கச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறது. மனுவில் அந்த உத்தரவையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.